முதல் தண்ணி

என் சட்டைக் கொலருக்குள் என்ன இருக்கிறது என்பதை எனக்கு முதலில் காட்டித் தந்தவர் அவர்தான். அதுவரை நான் என்னைச் சுத்தமான மனிதன் என்றே நம்பியிருந்தேன். நாள்தோறும் குளிப்பவன், நல்ல புத்தகங்கள் வாசிப்பவன், மனிதகுலத்தைப் பற்றி ஓய்வு நேரங்களில் கவலைப்படுபவன். ஒரு சனிக்கிழமை காலை நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரில், மோர்னிங்சைட்டில் இருந்த அவருடைய லோன்றிக்கு, தோய்க்கப் போட்ட உடுப்பை எடுக்கப் போனேன். மடித்துக் கட்டிய ஆறு சட்டைகளோடு ஒரு ஊறுகாய்ப் போத்தலையும் தூக்கிக் கவுண்டரில் வைத்தார். உள்ளே மழைக்கால வாய்க்காலில் அள்ளியதுபோல ஏதோ கலங்கி நின்றது.

"என்ன அன்ரி இது?"

"நீர்தான் தம்பி."

"நானோ?"

"உம்மடை சட்டையளின்ரை முதல் தண்ணி. வெளிச்சத்திலை பிடிச்சுப் பாரும்."

பிடித்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற மூன்று பேரும் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர், தன் மகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க வருவேனா என்று முந்திய கிழமைதான் கேட்டிருந்தார். பிறகு கேட்கவில்லை.

அன்ரியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் எங்கிருந்தாவது ஒரு போத்தலோடு வந்து நிற்பார் என்ற பயம் இன்னும் போகவில்லை. லோன்றி இருந்த அந்தக் கடைத்தொகுதியில், பிளாசாவில், எல்லோருக்கும் அவர் போத்தலன்ரி. முகத்துக்கு நேரே அன்ரி. நாலரை அடி உயரம், ஐம்பத்தைந்து வயது, சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஏப்ரன். ஊரில் அவர் என்னவாக இருந்தார் என்பதற்கு மூன்று கதைகள் உலாவின. மனையியல் ரீச்சர் என்றார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவரின் மனைவி என்றார்கள். சீஐடி என்றும் ஒருவர் அடித்துச் சொன்னார். அப்படிச் சொன்னவருடைய போத்தல் மற்றவர்களுடையதைவிடக் கறுப்பாக வந்திருக்கவேண்டும்.

அவருடைய முறை இதுதான். காசு போட்டு நாமே தோய்க்கும் மெஷின்கள் முன்பக்கம். பின்பக்கம், ஒரு திரைக்கு அப்பால், விட்டுவிட்டுப் போகும் உடுப்புகளை அவரே தோய்த்தார். எதையும் நேரே மெஷினுக்குள் போட மாட்டார். பெரிய நீலத் தொட்டி ஒன்றில் ஊறவைத்து, கைகளை முழங்கை வரை விட்டுப் பிசைவார். அந்த முதல் தண்ணீரில் ஒரு போத்தல் பிடித்து, பேப்பர் ஒட்டி, பெயர் எழுதி, சுவரோரத் தட்டான றாக்கையில் வைப்பார். உடுப்புக்கு உரியவர் வந்ததும் காட்டுவார். காட்டியபின் ஊற்றிவிடுவார்.

"நான் ஏதோ மந்திரத்திலை வெள்ளையாக்கிறன் எண்டு நினைக்கப்படாது. உங்களிட்டை இருந்து என்ன போச்சுதெண்டு உங்களுக்குத் தெரியவேணும்" என்பார்.

இரண்டு பிளாசா தள்ளி இன்னொரு லோன்றி இருந்தது. மலிவு, போத்தலும் இல்லை. மானமுள்ளவர்கள் அங்கே போனார்கள். ஒரு மாதத்தில் திரும்பி வந்தார்கள். வேறெங்கும் வேட்டி அவ்வளவு வெள்ளையாக வரவில்லை. ஒருமுறை ஒரு பெண்ணின் தாய், மகளுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை அன்ரியிடம்தான் உடுப்புப் போடுகிறார் என்று அறிந்து, மெல்ல வந்து அவருடைய போத்தலைப் பார்க்கலாமா என்று கேட்டார்.

"அந்தாளின்ரை தண்ணியை அந்தாளுக்குத்தான் காட்டுவன்" என்றார் அன்ரி. "லைனிலை நிக்கிற ஆக்கள் பாத்தால் அது அவையின்ரை கண்."

அந்தத் தாய் சனிக்கிழமை காலை தோய்க்கவென்று ஒரு துவாயோடு வந்து லைனில் நின்றார். கலியாணம் நடந்ததா இல்லையா என்பதை நான் சொல்லப்போவதில்லை.

இந்தப் போத்தலை ஆசையோடு பார்த்த ஒரே வாடிக்கையாளர் தமிழரல்ல. இரண்டு சிக்னல் தள்ளி இருந்த தீயணைப்பு நிலையத்தின் கப்டன். ஆறடிக்கு மேல் உயரம், கதவுக்குள் குனிந்துதான் வருவார். வீடு விட்பி என்ற பக்கத்து ஊரில். அந்தக் காலத்தில் தீயணைப்பு வீரர்களுக்குக் கரி பிடித்த கோட்டு ஒரு பெருமை. சுத்தமான கோட்டோடு வருபவனைப் புதிதாகச் சேர்ந்தவன் என்று கேலி செய்வார்களாம். ஆனால் கப்டனின் மனைவி அந்தப் பெருமையைத் தன் வீட்டு மெஷினுக்குள் போட விடவில்லை. ஆகவே அது அன்ரியிடம் வந்தது.

முதல் நாள் அவர் அதைக் கவுண்டரில் போட்டபோது நான் பக்கத்தில் நின்றேன். பங்கர் கோட்டு என்றார்.

"பங்கருக்கை போடுறதோ?" என்று என்னிடம் கேட்டார் அன்ரி. பங்கர் என்றால் எங்களுக்குக் குண்டு போடும் பொம்மர் வரும்போது ஓடி ஒளிகிற குழி. அதற்குள் இருந்தவர்களில் யாரும் கோட்டுப் போட்டிருக்கவில்லை.

"இல்லை அன்ரி, நெருப்புக்கை போடுறது."

"அப்ப ஏன் இவ்வளவு ஊத்தை? நெருப்பு எல்லாத்தையும் சுத்தப்படுத்தும் எண்டுதானே சொல்லுறவை." முகர்ந்து பார்த்தார். "உது சோபா எரிஞ்ச மணம்."

நான் மொழிபெயர்த்தேன். கப்டனின் வாய் திறந்தபடி நின்றது. முந்திய நாள் அவர்கள் அணைத்தது, சிகரெட்டோடு ஒருவர் உறங்கிப்போன சோபாவைத்தான்.

அன்றிலிருந்து கிழமைக்கு ஒருமுறை வருவார். போத்தலை வாங்கி, யன்னல் பக்கம் போய், நெடுநேரம் பார்ப்பார். "இது அந்தச் சமையலறை. இந்தப் பச்சை, திரைச்சீலையாக்கும்" என்று ஆராய்வார். (கப்டன் ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன். இடையிடையே அவர் யாழ்ப்பாணத்துக்காரர் போலப் பேசினால் அது மொழிபெயர்ப்பாளனின் தொழில்நோய்.) தமிழில் அவர் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல். கதவைத் திறந்ததும் வணக்கம் சொல்வதுபோல உரத்து, "ஊத்தை!" என்பார். அன்ரி அங்கிருந்து, "கப்டன்! லுக்!" என்று போத்தலைத் தூக்குவார். இவ்வளவுதான் அவர்களுடைய உரையாடல். எட்டு வருடம் இதிலேயே ஓடியது. இதைவிட அதிகம் பேசி இதைவிடக் குறைவாகப் புரிந்துகொண்ட தம்பதிகளை நான் அறிவேன். அவர்களில் ஒன்று நானும் என் மனைவியும்.

பிறகு நிலையத்தில் இருந்த மற்றவர்களும் கோட்டுகளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் அந்த நீலத் தொட்டிக்குள் போயின. அன்ரி கையுறை போடுவதில்லை. போட்டால் ஊத்தை போனது கைக்குத் தெரியாது என்பார்.

ஒரே ஒரு கோட்டை மட்டும் அவர் தோய்க்க மறுத்தார். லோன்றி திறந்து இரண்டாவது வருடம், மெத்தை செய்யும் பஞ்சு நுரை அடுக்கிவைத்த கிடங்கு ஒன்று எரிந்தது. கப்டன் அடுத்தநாள் கோட்டைக் கொண்டுவந்தார். அன்ரி பையைத் திறந்தார், முகர்ந்தார், மூடினார்.

"நோ. இது என்ரை தொட்டிக்கை வராது. குழந்தைப்பிள்ளையளின்ரை உடுப்பும் உதுக்குள்ளைதான் ஊறுது."

கப்டனுக்கு வேறு கோட்டுக் கொடுத்தார்கள். இது அன்ரியிடமே தங்கியது. குப்பை போடும் காபேஜ் பாக்குகள் மூன்றுக்குள் கட்டி, பெயர் எழுதி, உடுப்புக் காயவைக்கும் றையருக்குப் பின்னால் வைத்தார். அயலாரின் உடுப்பை அவர் எறிய மாட்டார். ஆறு வருடம் அது அங்கேயே கிடந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கப்டனுக்குச் சலப்பையில், சிறுநீர் தங்கும் பையில், புற்றுநோய் வந்தது.

வேலையால் நோய் வந்தவர்களுக்கு அரசாங்கத்தின் நட்டஈட்டுக் கந்தோர் ஒன்று உதவி கொடுத்துவந்தது. கிடைத்தால் கப்டனுக்குச் சம்பளத்தின் பெரும்பகுதி வரும். அவருக்குப் பிறகு மனைவிக்கும் வரும். கிடைக்காவிட்டால் விட்பி வீடு போய்விடும். ஆனால் நோய் வேலையால்தான் வந்தது என்று நோயாளியே காட்டவேண்டும். எந்த நாள், எந்தத் தீ, எந்தப் புகை, உள்ளே என்ன போனது? இருபத்தைந்து வருடம் எரிகிற வீடுகளுக்குள் ஓடிய மனிதனிடம், நீ புகை குடித்ததற்குச் சாட்சி யார் என்று கேட்டது கந்தோர்.

கிடங்குத் தீயின் பதிவேடு இருந்தால் போதும். அந்தப் பதிவேடு நிலையத்தின் நிலவறையில் இருந்தது. அங்கே குழாய் வெடித்து எல்லாம் கூழாகிப் போயிருந்தது. தீயணைப்பு நிலையத்தின் ஆவணங்கள் தண்ணீரால் அழிந்தன என்று கந்தோருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வசனத்தை நான் எழுதியிருக்கவேண்டும் என்று பொறாமைப்பட்டேன்.

அப்போதுதான் கப்டனுக்குக் கோட்டு நினைவு வந்தது.

அவருடைய யூனியன்காரர் ஒருவர் லோன்றிக்கு வந்தார். பெரிய மீசை, சிறிய பொறுமை. கோட்டில் படிந்திருக்கும் கரியை ஆய்வுகூடத்தில் சோதித்தால் நுரை எரிந்த நஞ்சு தெரியும், விசாரணையில் அன்ரி சாட்சியாக வந்து அதை ஒப்படைக்கவேண்டும் என்றார். பையை மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டதற்கு அன்ரி சம்மதிக்கவில்லை. ரிக்கற் இல்லாமல் யாருக்கும் உடுப்புக் கொடுப்பதில்லை. ரிக்கற் கப்டனிடம். கப்டன் ஆஸ்பத்திரியில். அவர் விசாரணைக்கு வருவார், அங்கே கையில் கொடுப்பேன் என்றார்.

மொழிபெயர்ப்புக்கு என்னைப் பிடித்தார்கள். அப்போது நான் மணிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு அந்தத் தொழிலைச் செய்துகொண்டிருந்தேன். என் ஆங்கிலம் முழுக்கப் பழைய நாவல்களிலிருந்து வந்தது. பிரபுக்களோடு மரணப்படுக்கையில் பேச உதவும். பஸ்சில் இடம் கேட்க உதவாது.

விசாரணைக்கு இரண்டு நாள் இருக்க, பெரிய மனிதனாக அன்ரிக்கு அறிவுரை சொல்லப் போனேன். இந்தக் கதையில் என் பங்கு அதுதான்.

"அன்ரி, அங்கை மூண்டு பேர் இருப்பினம். எல்லாரும் பெரிய ஆக்கள். எங்கடை ஆக்களைப் பற்றி அவையள் ஒரு மாதிரி நினைக்கப்படாது. நல்ல சாறியாக் கட்டிக்கொண்டு, வடிவா வாங்கோ."

"பெரிய ஆக்களோ?"

"ஓம், நீதவான் மாதிரி எண்டு வையுங்கோ."

அன்ரி றையர் பக்கம் திரும்பி யோசனையோடு பார்த்தார். அந்தப் பார்வையை நான் கவனித்திருக்கவேண்டும்.

விசாரணை நகரின் நடுவில், பதினோராம் மாடியில். நீண்ட மேசைக்கு அப்பால் முடிவு சொல்லும் மூன்று பேர். நடுவில் தலைவர், வெள்ளைத் தலை, தாழ்ந்த குரல். மேசைக்கு இப்பால், இடப்பக்கம் முதலாளியான நகரசபையின் சட்டத்தரணி, சாம்பல் நிறக் கோட்டில் இளைஞர். வலப்பக்கம் கப்டனும் மீசையும். கப்டன் பாதியாகியிருந்தார். அன்ரியைக் கண்டதும் மெல்ல, "ஊத்தை" என்றார். காவலாளி திரும்பிப் பார்த்தார்.

அன்ரி மாம்பழப் பட்டுச் சேலையில் வந்திருந்தார். கடைச்சாமான் இழுக்கும் இரண்டு சில்லு வண்டியைக் கதவடியில் விட்டுவிட்டு, தோளில் ஒரு நீளப் பையோடு மேசைக்குப் போனார். கப்டனிடம் ரிக்கற் வாங்கிச் சரிபார்த்தார். பிறகு பையின் சிப்பை இறக்கினார்.

உள்ளே கோட்டு, கொழுவியில் தொங்கியது. மஞ்சள் நிறம். அது மஞ்சள் கோட்டு என்பதே ஆறு வருடத்தில் அன்றுதான் தெரிந்தது. கைகளில் கத்திபோல அயன் மடிப்பு. கிழிந்திருந்த முழங்கையில் நுணுக்கமான தையல். விழுந்துபோன கொக்கிக்குப் பதில் புதிது. எலுமிச்சை மணம் அறை முழுக்கப் பரவியது.

மீசை தன் முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டார். சட்டத்தரணி பேனாவின் மூடியைப் பூட்டினார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"இதுதான் அந்தத் தீயில் இருந்த கோட்டா?" என்று கேட்டார் தலைவர்.

நான் தமிழில் கேட்டேன்.

"ஓம்" என்றார் அன்ரி. "இப்ப வடிவா வந்திட்டுது."

"ஏன் தோய்த்தீர்கள்?"

"பின்னை? இவ்வளவு பெரிய ஆக்களுக்கு முன்னாலை ஊத்தை உடுப்பைக் கொண்டுவந்து விரிக்கிறதோ? தம்பிதானே சொன்னவர், வடிவா வரச்சொல்லி."

மொழிபெயர்ப்பாளன் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன். கடைசி வசனத்தையும் மொழிபெயர்த்தேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மீசை விரல்களுக்கிடையால் பார்த்தார். கப்டன் மட்டும் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அவருக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது.

சட்டத்தரணி எழுந்தார். "அப்படியானால் இந்தக் கோட்டில் எதுவும் படிந்திருந்தது என்பதற்கு இப்போது ஆதாரம் ஒன்றும் இல்லை."

இதையும் சொன்னேன். அன்ரியின் முகம் மாறியது.

"என்னவாம்? இதிலை ஊத்தை இருக்கேல்லையாமோ?"

"ஆதாரம் இல்லை எண்டு சொல்லுறார் அன்ரி."

"அப்ப நான் சும்மா தோய்ச்சனானோ? ரெண்டு நாள் தூங்காமல், பேபி குளிப்பாட்டிற தொட்டி புதுசா வாங்கி, என்ரை தொட்டிக்கை விடாமல் தனியா வச்சுத் தோய்ச்சனான்! ஊத்தை இல்லையோ? நில்லும், வாறன்!"

கதவடிக்குப் போய் வண்டியை இழுத்து வந்தார். கப்டனுக்குக் காட்டவென்று கொண்டுவந்தவை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஏழு ஊறுகாய்ப் போத்தல்கள். ஒவ்வொன்றிலும் பேப்பர்: கப்டன், முதல் தண்ணி. கப்டன், இரண்டாம் தண்ணி. முதலாவது தார்போலக் கறுப்பு. ஏழாவது பால் விடாத பிளேன் ரீ.

"மற்ற ஆக்களுக்கு ஒரு போத்தல்தான்" என்று தலைவரிடம் பெருமையாகச் சொன்னார். "இவருக்கு மட்டும்தான் ஏழு."

முதல் போத்தலின் மூடியைத் திறந்தார். எலுமிச்சை மணம் எங்கோ ஓடியது. மூன்று பேரில் ஒருவரான அம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கப்டன் சிரிப்பதை நிறுத்தினார். "அதுதான். அந்தக் கிடங்கு" என்றார், கண்களை மூடிக்கொண்டு. அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"இது இந்தக் கோட்டிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?" என்றார் சட்டத்தரணி, விடாமல்.

அன்ரி அவரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, அப்ப நீர் உம்மடை கோட்டைக் கழட்டித் தாரும். தோய்ச்சுக் காட்டுறன். என்ன நிறம் வருதெண்டு எல்லாரும் பாப்பம்."

இதை நான் மிக மரியாதையான நாவல் ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த இளைஞர் அறியாமலே தன் கொலரைத் தொட்டுப் பார்த்தார். தலைவர் போத்தல்களை ஆய்வுகூடத்துக்கு அனுப்பும்படி சொல்லி எழுந்தார். போகும்போது அவரும் தன் கொலரைத் தொட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு வீரக்கதை. ஆய்வுகூடத்தின் அறிக்கை வந்தது. இரண்டாம் போத்தல் தொடக்கம் ஏழாம் போத்தல் வரை தண்ணீர் கூடிப்போனதால் திட்டமாக ஒன்றும் சொல்ல முடியாது. முதல் போத்தலில் மட்டும் நுரை எரிந்தால் உண்டாகும் நஞ்சுகள், வாயில் நுழையாத பெயர்களோடு, தெளிவாக இருந்தன. அவற்றோடு வெந்தயம், கடுகு, மஞ்சள் ஆகியவையும் இருந்தன.

சட்டத்தரணி உடனே எழுதினார்: எரிந்தது மெத்தைக் கிடங்கு என்றால் வெந்தயம் எங்கிருந்து வந்தது? இது வேறு ஏதோ தீ; அல்லது மாதிரி கெட்டது. கந்தோர் மீசைக்கு எழுதியது: குறித்த கிடங்கில் உணவுப் பொருட்கள் இருந்தனவா? மீசை எனக்குத் தொலைபேசி எடுத்தார். "வெந்தயம் என்றால் என்ன, அது வெடிக்குமா?" என்று கேட்டார்.

தீர்வு எளிது. போத்தலில் முன்பு தேசிக்காய் ஊறுகாய் இருந்தது, அதைச் சரியாகக் கழுவவில்லை என்று அன்ரி ஒரு சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தால் போதும். கப்டனின் வீடும் மனைவியின் சீவியமும் அந்த ஒரு கையெழுத்தில் வந்து நின்றன. கடதாசியை எழுதி எடுத்துக்கொண்டு போனேன்.

"வைக்கமாட்டன்."

"அன்ரி, சும்மா ஒரு கடதாசி."

"நான் கழுவாமல் விட்டனானோ? நானோ? மோர்னிங்சைட் முழுக்க ஆரின்ரை ஊத்தையையும் நான் காட்டியிருக்கிறன். இப்ப நான் ஊத்தை எண்டு நானே எழுதிக் குடுக்கிறதோ? பேந்து ஆருக்கு நான் போத்தல் காட்டுறது?"

"கப்டனுக்காக."

"கப்டனுக்காக வேணுமெண்டால் இன்னொருக்காத் தோய்க்கிறன்."

மூன்று நாள் போனேன். மூன்று நாளும் அதே பதில். அந்த நாட்களில் கடைக்குள் ஒரு போத்தலும் காட்டப்படவில்லை. வாடிக்கையாளர்கள் உடுப்பை எடுத்துக்கொண்டு, ஏதோ குறைவதுபோலச் சற்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். திரைக்குப் பின்னால் அவர் பழைய போத்தல் மூடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக முகர்ந்துகொண்டிருந்ததைக் கண்டேன். கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் கதவு திறந்தது. கப்டன் குனியாமலே உள்ளே வந்தார், அவ்வளவு கூனியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி. மனைவி வெளியே காரில் இருந்தார். "ஊத்தை" என்று சொல்லவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு சிறிய போத்தலை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பரிசோதனைக்குக் கொண்டுபோகும் சிறுநீர்ப் போத்தல், பெயர் ஒட்டியது. உள்ளே இளஞ்சிவப்பு.

"அன்ரி, லுக்" என்றார்.

அன்ரி எடுத்தார். யன்னல் பக்கம் போனார். வெளிச்சத்தில் பிடித்து, கப்டன் எட்டு வருடம் பார்த்ததுபோலவே, நெடுநேரம் பார்த்தார். லைனில் நின்றவர்கள் எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். திரும்பி வந்து அதை இரண்டு கைகளாலும் அவரிடம் கொடுத்தார்.

"தம்பி, கடதாசியைக் கொண்டாரும்."

அதிலும் ஒரு திருத்தம் கேட்டார். "போத்தல் இல்லை. மூடி. மூடிக்குள்ளை வெள்ளையா ஒரு வட்டம் இருக்கெல்லோ, அதுக்கு அடியிலை நிண்டிருக்கு. அப்பிடி எழுதும்." எழுதினேன்: முதலாம் போத்தலுடைய மூடியின் உட்புறத்தை நான் போதிய அளவு கழுவவில்லை. ஒரு கொலையை ஒப்புக்கொள்பவர் போல நிமிர்ந்து நின்று கையெழுத்து வைத்தார்.

கோரிக்கை ஏற்கப்பட்டது. கப்டன் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் இருந்தார். மனைவிக்கு உதவி தொடர்ந்து வந்தது. பின்னாளில் சட்டமும் மாறியது. இன்ன இன்ன புற்றுநோய் தீயணைப்பு வீரருக்கு வந்தால் அது வேலையால் வந்ததென்றே கொள்ளலாம், போத்தல் தேவையில்லை என்று ஆனது. அந்தப் பட்டியலை நான் முழுவதும் வாசித்தேன். நல்ல பட்டியல். நான் தேடிய தொழில் அதில் இல்லை.

ஆய்வுகூடம் ஏழு போத்தல்களையும் பெட்டியில் திருப்பி அனுப்பியிருந்தது. அன்ரி ஒவ்வொரு மூடியையும் திறந்து விரல் விட்டு, முகர்ந்து, "உவையள் நல்லாக் கழுவியிருக்கினம்" என்றார். பிறர் கழுவியதைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

கப்டன் போன அடுத்த வருடம் அன்ரிக்கும் அதே இடத்தில் அதே நோய் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய அதே ரீவியைத் தானும் வாங்கியதுபோல என்னிடம் சொன்னார். "கப்டனுக்கு வந்ததுதான் தம்பி. அதே மொடல்."

நான் அந்த நீலத் தொட்டியைப் பார்த்தேன். எட்டு வருடம், கையுறை இல்லாமல், ஒரு நிலையம் முழுவதின் கோட்டுகள். "அன்ரி, நட்டஈட்டுக் கந்தோருக்கு நாங்களும் ஒரு போம் நிரப்பி அனுப்புவம்" என்றேன்.

"எனக்கு ஏன்? நான் நெருப்பைக் கண்டனானோ? அதின்ரை தண்ணியைத்தானே கண்டனான்."

ஆனாலும் நிரப்பினோம். எந்த நிலையத்தில் வேலை செய்தீர்கள் என்று கேட்டிருந்தது. "ரெண்டு சிக்னல் தள்ளி எண்டு போடும்" என்றார். எத்தனை தீயை அணைத்தீர்கள்? "ஒண்டும் இல்லை. பொய் எழுதப்படாது." மேலதிக விபரம் என்ற பெட்டியில், எல்லாத் தீயையும் தோய்த்தேன் என்று நானே ஆங்கிலத்தில் எழுதினேன். அந்த ஒரு வசனத்தில் பழைய நாவல் வாசனை இல்லாமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. கடையில் வைத்து வாசித்துக் காட்டினேன். விண்ணப்பதாரர் எந்தத் தீக்கும் முகங்கொடுத்ததற்கான ஆதாரம் இல்லை. அவருடைய தொழில் இத்திட்டத்துக்குள் அடங்காது. அவருடைய உடல்நலத்துக்கு வாழ்த்துகள்.

அன்ரி கடிதத்தை வாங்கினார். மெலிந்த கை. றாக்கையிலிருந்து ஆய்வுகூடம் கழுவி அனுப்பிய போத்தல் ஒன்றை எடுத்து, குழாய்த் தண்ணீர் பிடித்து, கடிதத்தைச் சுருட்டி உள்ளே விட்டு மூடினார். இரண்டு தரம் குலுக்கினார். யன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். அச்செழுத்து ஒன்றும் அசையவில்லை. அடியில் இருந்த நீலப் பேனாக் கையெழுத்து மட்டும் மெல்லக் கரைந்து, நூல்போல மேலே ஏறியது.

"பாத்தீரோ? ஆள் மட்டும்தான் கரையுது. கடிதம் அப்பிடியே நிக்குது."

மூடியைத் திறந்து, வெள்ளை வட்டத்துக்கு அடியில் துணியால் ஒருமுறை துடைத்து, முகர்ந்து, மறுபடி இறுக்கினார். பேப்பர் ஒட்டிக் கந்தோரின் பெயரை எழுதினார். ஊற்றவில்லை. றாக்கையில், எல்லோருக்கும் தெரியும் இடத்தில் வைத்தார்.

"அவையள் எப்பவாவது இந்தப் பக்கம் வந்தால் காட்டும் தம்பி. இது முதல் தண்ணிதான் எண்டும் சொல்லும்."